கறிச்சோறும் சாமி குத்தமும்

ஆழ்வார்குறிச்சி,
ஆடி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் பேச்சிராஜுக்கு அப்பா எழுதுவது. கடல் தாண்டி இருக்கிற உனக்கும் மருமகளுக்கும் மாடன் சாமி துணை. போனில் சொல்லியிருக்கலாம். உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் காது கேட்க இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதி, படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.

கார் நெல் நடவு முடிந்தது. பாபநாசம் அணையில் தண்ணீருக்குக் குறைவில்லை. செவலைப் பசு கிடேரி போட்டிருக்கிறது.

சித்திரையில் மாடன் கோயில் கொடைவிழாவில் நான் விழுந்தது உனக்குத் தெரியும். மதியம் படைப்புச் சோறும் ஆட்டுக்கறியும் தின்றேன். பொழுது அடைந்து, சாமியாடக் கச்சை கட்டும்போது உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் மறைத்தேன். கோயில் பெரியவர் பூதலிங்கம் அண்ணாச்சி, இது சாமி குத்தம்லே, படைப்புப் பொங்குனவ விரதம் சுத்தமில்ல என்று ஊர் நடுவே சொல்லிவிட்டார். பொங்கியவள் உன் அத்தை இசக்கியம்மா. அன்றிலிருந்து அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்க ஆளில்லை. வருகிற புதன்கிழமை வீட்டைப் பூட்டிவிட்டுக் கூடங்குளத்தில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறாளாம்.

வைகாசியில் மறுபடி கறி தின்று மறுபடி தடித்தபோதுதான் பாளையங்கோட்டை டாக்டரிடம் போனேன். மலையடிவாரத்தில் மாடு மேய்க்கும்போது கடித்த உண்ணிதான் காரணம் என்றார். ஆடு, மாடு, பன்றிக் கறியில் நம்மிடம் இல்லாத ஒரு சர்க்கரை இருக்கிறதாம். உண்ணி கடித்தபின் உடம்பு அதைப் பகையாக நினைத்து, தின்று சில மணி நேரம் கழித்துச் சண்டைக்கு வருமாம். அந்தச் சர்க்கரையைப் பற்றிப் போனில் உன்னிடம் கேட்டேன். அதே சர்க்கரையால்தான் பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் மனித உடம்பு தள்ளிவிடுகிறது, அது இல்லாத பன்றிகளை வைத்துத்தான் எங்கள் ஆராய்ச்சி என்றாய். மாடனுக்குப் பன்றி வெட்டுகிற குடும்பத்தில் பிறந்து பன்றியாலேயே பிழைக்கிறாயே என்று சிரித்துப் பேச்சை மாற்றினேன். அம்மாவிடம் வெறும் உடம்புச் சூடு என்று சொல்லிவிட்டேன்.

உண்ணிக்கடி என்றால் ஊர் சிரிக்கும். படைப்புக் கறியைத் தொடாதவன் என்ன சாமியாடி என்று கச்சையைப் பங்காளி வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்து கூடப்பிறந்தவளை விட்டுக்கொடுத்துவிட்டேன். அவளோ, என்னாலதான் அண்ணனுக்கு இப்படி ஆச்சு என்று அழுது, எனக்காகச் செவ்வாய்க்கிழமைதோறும் பட்டினி கிடக்கிறாள். அவள் வாசலைத் தாண்டிப் போகவே கூசுகிறது.

நீ அண்ணாச்சிக்குப் போன் போட்டு விவரம் சொல். படித்தவன் சொன்னால் கேட்பார். புதன்கிழமைக்கு முன்னால் அத்தையிடமும் சொல். கச்சை போனால் போகட்டும்.

ஒன்றே ஒன்று, ஐயா. டாக்டர் இப்போதுதான் கண்டுபிடித்தார் என்று அவளிடம் சொல். வைகாசியிலேயே எனக்குத் தெரியும் என்பது நம் இருவரோடு இருக்கட்டும். அப்படிச் சொல்ல உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் நடந்ததையே சொல்லிவிடு.

உண்மை பேசுகிறவனுக்கு மாடன் துணை நிற்பான். உனக்கு நிற்பான்.

உன் அப்பா,
முத்துமாலை