எண்ணெய் தொட்ட டாலர்

ஜூன் 9
டிக்கெட் போட்டாயிற்று. ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படித்த என் கெசியாவைப் பட்டமளிப்பு மேடையில் பார்க்கப் போகிறேன்! என் வீட்டுக்காரருக்கு ஒரகடம் கம்பெனியில் லீவு இல்லை. துணைக்கு அவருடைய அக்கா ரோஸி அண்ணி வருகிறார். வருஷத்துக்கு ஒரு நாடு போய்வருகிற ஆள். கஞ்சம் என்று குடும்பத்தில் பெயர்.

கெசியாவிடம் போனில் சொல்லிவிட்டேன்: "அப்பா அம்மா வர முடியாத உன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் அன்னிக்கு என் விருந்து." அவள் கத்திய கத்தலில் காது அடைத்தது.

ஜூன் 12
தாம்பரத்தில் அண்ணியோடு மணி சேஞ்சர் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருத்தன் சொன்ன ரேட்டை அடுத்தவனிடம் சொல்லி, "சர்வீஸ் சார்ஜ் தனியா போடுவீங்களா? அதையும் சேர்த்தே சொல்லுங்க சார்" என்று மடக்கினார் பாருங்கள்! நானாக இருந்தால் முதல் கடையிலேயே பணத்தை நீட்டியிருப்பேன். சாமர்த்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தனக்குக் கொஞ்சம்தான் வாங்கினார். "மீதி கார்டுல ஜெனி. வெளிநாட்டுல எடுத்தா எக்ஸ்ட்ரா பிடிக்காத கார்டு இது. நீயும் ஒண்ணு வாங்கிக்கோ."

எனக்குக் கையில் நோட்டு இருந்தால்தான் தூக்கம் வரும். முழுக்க டாலராகவே வாங்கிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு
வீட்டில் பயண ஜெபம். பாஸ்டர் பாஸ்போர்ட்டில் ஜெப எண்ணெய் தொட்டு வைத்தார். நான் டாலர் கட்டையும் நீட்டினேன். தாராளமாகப் பூசி, கை வைத்து ஜெபித்தார். அண்ணி பாஸ்போர்ட்டோடு சரி, பர்ஸைத் திறக்கவே இல்லை. விசுவாசம் கம்மியோ? சே, ஜெபத்தில் உட்கார்ந்து யோசிக்கிற யோசனையா இது.

ஜூன் 19, திபிலிசி
வந்து சேர்ந்தோம். ஏர்போர்ட்டில் பணம் மாற்றுகிற கவுன்ட்டரை அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இங்க ரேட் அநியாயம். டவுன்ல பாத்துக்கலாம்." பஸ்ஸில் கார்டைத் தொட்டார், டிக்கெட் முடிந்தது. டாக்ஸிக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜூன் 20
ஐயோ. என் டாலரை எவனும் வாங்கமாட்டேங்கறான்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தாள், எண்ணெய்க் கறையைத் தொட்டுக் காட்டினாள், திருப்பித் தள்ளிவிட்டாள். அடுத்த கடையிலும் அதே. பேங்கிலும் அதே. என் பழைய கார்டோ தாம்பரத்தைத் தாண்டாது. நாளைக்கு விருந்து — பிள்ளைங்க முன்னாடி என் பொண்ணு தலை குனியணுமா? கர்த்தரே, உம்மேல கோபமில்ல. என் புத்திமேலதான்.

அண்ணி, அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கறை பட்டா வாங்க மாட்டாங்களோன்னு அன்னிக்கே தோணுச்சு ஜெனி. ஜெபத்துல எப்படித் தடுக்கிறது? வாய மூடிட்டேன். எம்மேலயும் தப்பு. வா, முதல்ல காபி குடி."

இவரையா கஞ்சம் என்றோம்?

ஜூன் 21
மேடையில் கெசியா பெயரைக் கூப்பிட்டபோது நான் அழுத அழுகையில் போட்டோ ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

பிறகு விருந்து. கெசியாவோடு படித்த ஜெஃப்ரி, நிஷா, இன்னும் சிலர். நிஷாவின் அப்பா கோவளத்தில் மீன்பிடிக்கிறவர். சீஸ் அடைத்த ரொட்டியைத் தூக்கிப் பிடித்து வீடியோ காலில் அவருக்குக் காட்டினாள். "ஒழுங்கா துன்னும்மா" என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம்.

பில் வந்தது. டேபிளுக்கு அடியில் என் கையில் ஏதோ பட்டது. அண்ணியின் கார்டு! காதோடு பின் நம்பரைச் சொல்லி, "ரூபாயில வேணுமான்னு மெஷின் கேக்கும். இந்த ஊர்க் காசையே அமுக்கு. ரூபான்னா அவங்க வெச்சதுதான் ரேட்" என்றார்.

அமுக்கினேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று பிள்ளைகள் கூட்டமாக என்னைக் கட்டிக்கொண்டார்கள். அண்ணி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 27, ராஜகீழ்ப்பாக்கம்
ஊர் திரும்பியதும், வாங்கிய கடையிலேயே டாலரை ரேட் குறைத்து எடுத்துக்கொண்டார்கள். அண்ணிக்குத் தரவேண்டியதைத் தந்துவிட்டேன்.

சாயங்காலம் கெசியா போன். "அம்மா, அத்தை உன் கையில கார்டைக் கொடுத்ததைப் பாத்துட்டேன். நான் பாத்தது அவங்களுக்கும் தெரியும். 'சும்மா இரு'ன்னு கண்ணைக் காட்டினாங்க. நிஷா உன் விருந்தைப் பத்தியே பேசிட்டிருக்கா. நான் வாயைத் திறக்கலம்மா."

வைத்தவுடன் அண்ணியைக் கூப்பிட்டேன்.

"என்ன ஜெனி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி" என்றேன். "கெசியா இப்பத்தான் எல்லாம் சொன்னா." போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரும் போனை வைக்கவில்லை.