இனித் தண்டு அனுப்ப வேண்டாம்

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ்,
சுபானு வருஷம் ஆவணி 7, திங்கட்கிழமை (1943)

என் உயிருக்கு மேலான அத்தானுக்கு, நல்லம்மாள் கைகூப்பி எழுதுவது. இங்கே நான் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறேன். அங்கே நீங்கள் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை விளக்கேற்றாமலே வேண்டிக்கொள்கிறேன். எண்ணெய் கிடைக்கவில்லை.

இதை மைதீன் பாய் கருவாட்டுக் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்தபோது நீங்கள் தப்பிப்போய் நாலு மாதம் ஆகிறது. நீங்கள் தோட்டவேலை பார்த்த பங்களாவில் கேட்டவர்களிடம், கிள்ளானில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதற்காகப் பொட்டில்லாமல், பூவில்லாமல் வேலைக்குப் போய்வருகிறேன். கோயில் வாசலில் ஊருக்கெல்லாம் பூக்கட்டிக் கொடுத்தவள் நான்! தாலியைக் கழற்றிப் பானைக்குள் போட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்ன பொய் பலித்துவிடுமோ என்று பயம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் முதல் வேலையாகக் குங்குமம் வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கண்ணாடி மீன்தொட்டியை நீங்கள்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஜப்பான் அதிகாரி அதை இப்போது பெருக்கித் துடைக்கிற என் தலையில் கட்டிவிட்டார். தொட்டிக்குள் செடி பச்சென்று இருக்க வேண்டும், மீன் சாகக் கூடாது என்று உத்தரவு. நீங்கள் முதலில் ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பிய, ஓடையில் வளரும் நீர்ச்செடித் தண்டுகளை நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம், பூக்கட்டுகிற மாதிரி பத்துப் பத்தாகச் சேர்த்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டி, மணலில் செருகினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் கட்டின இடமெல்லாம் கறுத்து அழுகிக் கொத்துக் கொத்தாக மிதந்தது. தண்ணீர் நாறி இரண்டு மீன் செத்துப்போயின. அதிகாரி என்னை அறைந்தார். இரண்டு நாள் காது கொய்யென்று இருந்தது. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று மைதீன் பாயிடம் கேட்டுக்கொண்டேன். இப்போது நானே சொல்லிவிட்டேன்.

பிறகு நீங்கள் பாயிடம் சொல்லியனுப்பியபடியே செய்தேன். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொரு தண்டாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஆழமாக ஊன்றினேன். காலை வெயில் விழும்படி ஜன்னல் திரையை விலக்கி வைத்தேன். பழைய இலை உதிரும், பயப்படாதே என்று சொன்னீர்களாம். பயப்படாமல் எப்படி இருப்பது? மிதக்கிற இலையையெல்லாம் அதிகாரி வருவதற்குள் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வேன். பத்தாம் நாள் கணுவில் சின்னதாகத் துளிர் தெரிந்தது. அத்தான், அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

அந்தச் சந்தோஷம்தான் வினையாகிவிட்டது. நேற்று அதிகாரி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தார். இவ்வளவு நல்ல செடி எங்கே கிடைத்தது என்று மொழிபெயர்க்கிறவர் என்னைக் கேட்டார். கோயிலுக்குப் பின்னால் ஓடுகிற கால்வாயில் என்று சொல்லத்தான் நினைத்து வைத்திருந்தேன். பெருமையில் வாய் முந்திக்கொண்டது. என் கொழுந்தனார் பந்திங்கிலிருந்து அனுப்புகிறார் என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் நீங்கள் ஒளிந்திருக்கிற ஊரைச் சொல்லி உங்களைக் கெடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

மற்ற அதிகாரிகள் வீட்டிலும் தொட்டி வைக்கப்போகிறார்களாம். வியாழக்கிழமை லோரி பந்திங்குக்குப் போய்க் கொழுந்தனாரை ஏற்றிவருமாம். சயாமுக்கு அனுப்ப மாட்டோம் என்று முத்திரை குத்திக் காகிதமும் தருவார்களாம். உங்களுக்குத் தம்பி ஏது? லோரியிலிருந்து நீங்கள் இறங்கினால், செத்துப்போன தோட்டக்காரர் என்று அங்கே தெரியாதவர்கள் யார்?

காகிதத்தை நம்பி வந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பவுனம்மாளின் கணவர் பாலனுக்கும் மூன்று மாத ரோட்டு வேலை என்று இப்படித்தான் காகிதம் கொடுத்தார்கள். ஆறு மாதம் ஆகிவிட்டது, ஒரு சேதியும் இல்லை. ரயில் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவருவாள். இப்போது அதையும் நிறுத்திவிட்டாள்.

ஆகையால் இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். மைதீன் பாய்க்குத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறதாம். எந்த இடம் என்று என்னிடம் மூச்சுவிடக் கூடாதென்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தெரிந்தால்தானே வாயில் வரும்? லோரி வெறுமனே திரும்பினால் என்னை என்ன செய்வார்களோ என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். அறைவதற்கு மேல் என்ன செய்துவிடுவார்கள்? நான் தாங்கிக்கொள்வேன்.

இனித் தண்டு அனுப்ப வேண்டாம். வளர்ந்த நுனியை வெட்டி நட்டால் அதுவே தனிச் செடியாகிவிடுகிறது, மிச்சமுள்ள அடிக்கட்டையும் கிளைக்கிறது. தொட்டிக்கு அது போதும். எனக்குத்தான் போதாது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்ல வந்தது அந்த ஈரச் சாக்கு ஒன்றுதான். நீங்கள் போட்ட முடிச்சை அவிழ்க்க மனசு வராமல் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருப்பேன். அதையும் அனுப்பாதீர்கள் என்று என் கையாலேயே எழுதும்படி ஆகிவிட்டது.

மாரியம்மன் உங்கள் கூடவே நடந்து வரட்டும். வியாழக்கிழமை விடியும்போது நீங்கள் பந்திங்கில் இருக்கக் கூடாது. என்னை நினைத்துக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடாதீர்கள், அத்தான். போய்க்கொண்டே இருங்கள்.

உங்கள் பாதம் தொட்டு வணங்கும்,
நல்லம்மாள்