கண்ணை இழுப்பதைக் கடைசியில் பார்

டாக்டரம்மாவுக்கு, உன் வீட்டுக்காரன் அன்போடு எழுதுவது.

நானும் குட்டியும் சௌக்கியம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவு திறந்த வீடு மாதிரி இருக்கிறாள். பள்ளியில் பரீட்சை முடிந்து, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு மேசைமேல் உட்கார்ந்து என்னை முறைக்கிறது.

உன் கடிதம் வந்தது. படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், டிக்கெட் எடுங்கள் என்று எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்ததும் ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் வெட்கமாகப் போயிற்று.

தலையில் அடிபட்டு வந்த தச்சரின் ஸ்கேனில் வலப்பக்கம் ரத்தக் கசிவைப் பார்த்து அறிக்கை எழுதினாய். இடப்பக்கம் எலும்பை ஒட்டி மெல்லிசாக இருந்த இன்னொன்றை விட்டுவிட்டாய். கழுகு என்று நீ பெயர் வைத்திருக்கும் உங்கள் பெரிய டாக்டர், சேர்ந்த அன்றே சொன்ன பாடம்: படத்தை ஓரத்திலிருந்து பார், கண்ணை இழுப்பதைக் கடைசியில் பார். அவசரத்தில் அந்த முறை தவறிவிட்டது. எல்லார் முன்னாலும் அவர் உன்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மூளைப் படம் பார்க்க நான் லாயக்கில்லை என்று நீயே முடிவு கட்டிவிட்டாய்.

அவர் சொன்ன முறையிலேயே உன் கடிதத்தை மறுபடி படித்தேன். டிக்கெட் வரியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஓரத்தில் கிடந்ததைப் பார்த்தேன். அறிக்கை எழுதிய மறுநாள் காலை, கழுகு திட்டுவதற்கு முன்பே, யாரும் கேட்காமல், முந்தின நாள் படங்களை நீயே திறந்து பார்த்திருக்கிறாய். லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் நாலு மாடி இறங்கி ஓடி, என் தப்பு என்று வார்டில் சொல்லி, தச்சரை மறுபடி ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறாய். ஆபரேஷன் முடிந்து, இப்போது கட்டில் கால் ஆடுகிறது என்று நர்ஸிடம் குறை சொல்கிறாராம் மனிதர். கடைசிப் பக்க மூலையில் அரை வரி இருந்தது. திட்டிய மறுநாளே கழுகு அவசரப் பிரிவுப் படங்களை உன்னிடமே கொடுத்தாராம். லாயக்கில்லாதவளிடம் கொடுக்கிற ஆளா அவர்?

ஐந்தரை வருடம் டாக்டர் படிப்பு, மூன்று வருடம் ஸ்கேன் படிப்பு, இப்போது மூளைக்கென்றே இரண்டு வருடம். மூளை என்று வைத்துக்கொண்டு காலிஃபிளவரைத் தகடு தகடாக வெட்டி, என்னைக் கலைத்து வைக்கச் சொல்லி, எதற்கு அப்புறம் எது என்று சரியாக அடுக்குவாயே! அன்றைக்குச் சமையல் நடக்காது. கிண்டல் செய்தேனே தவிர, உள்ளுக்குள் மலைத்துப்போய்த்தான் நின்றேன். நோய் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் முன்னால், நோயில்லாத மூளைகளையே ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்தவள் நீ. எனக்கு ஆறு நாள் பொறுமை இருக்காது. உன்னைப் பற்றி ஆசிரியர் அறையில் நான் அடிக்கும் பெருமையில் சக ஆசிரியர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

அம்மா வந்தால் இனிமேல் போகவே மாட்டாளா என்று குட்டி நேற்றுக் கேட்டாள். பல் தேய்க்கப் போ என்று அனுப்பிவிட்டேன்.

நீ கேட்டபடி டிக்கெட் எடுத்துவிட்டேன். வருவதற்கும் எடுத்திருக்கிறேன், போவதற்கும் எடுத்திருக்கிறேன். கழுகிடம் லீவு மட்டும் கேள். நாலு நாள் எங்களோடு இரு, நன்றாகத் தூங்கு. ஐந்தாம் நாள் ஸ்டேஷனில் நான் என்ன பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. ஏறிப் போய்விடு.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா