பால் நேரத்துச் சூடு

என் அன்பு அம்மாவுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு பிறந்த உங்கள் பேத்தி தர்ஷியை இன்று முதன்முதலாகத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது நீங்கள் எங்களை விட்டுவிட்டுப் போன அதே மடுவம்தான். பிரசவ லீவு முடிந்துவிட்டது. டீச்சர் வேலையையே விட்டுவிடலாமா என்று நாள் முழுக்க யோசனை. அழுவாளோ? குளிருமோ?

இடைவேளை விட்டதும் மழையில் நனைந்தபடி ஓடிப்போய்த் தூக்கினேன். வீறிட்டாள். மடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் குசுமா அக்கா சிரித்துவிட்டார்.

"ஐயோ டீச்சர், கை சீதலை தானே, ஐஸ் மாதிரி! உங்க அம்மா இப்புடித் தூக்க மாட்டாங்க."

உண்மைதான். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது பால் நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கி வருவீர்கள். ரப்பர் பால் பிசுக்குப் போகக் குழாயில் கை கழுவுவீர்கள். அவன் கத்துவான், நான் அவசரப்படுத்துவேன். "இருடி, கையில சூடு ஏறட்டும்" என்று தேத்தண்ணிக் கேத்தலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். அதன் பிறகுதான் பிள்ளையைத் தொடுவீர்கள்.

உங்கள் வாயில் 'சூடு' என்ற அந்தச் சொல் எத்தனை வேலை செய்தது! காய்ச்சல் வந்தால் "மேலு சூடா இருக்கு." பப்பாளி தின்னக் கேட்டால் "சூடு, வேணாம்." எதிர்த்துப் பேசினால் "ரொம்பத்தான் சூடாப் பேசுறா." பால் கொடுத்துவிட்டுத் திரும்பிய உங்களை, "மகாராணி இப்பதான் வாறாங்களா?" என்று கங்காணி கேட்டாராம். "சூடு சொரணை உள்ளவன் பால் குடுக்கிற நேரத்துக்குக் கணக்குப் பாப்பானா?" என்றீர்களாம். குசுமா அக்கா இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவளிடம் பாசம் குறைந்துவிடும் என்று நான் ஏன் பயந்தேன், அம்மா? நீங்கள் தினமும் விட்டுவிட்டுத்தானே போனீர்கள். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லையே. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்க இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது.

நானும் கேத்தலில் கையைச் சூடாக்கிக்கொண்டு திரும்பத் தூக்கினேன். வயிறு நிறையக் குடித்தாள். கிளம்பும்போது மறுபடியும் அழுதாள். ஆனாலும் போனேன்.

நாளைக்கும் போவேன். வேலையை விடமாட்டேன். அவளுடைய பால் நேரத்தை ஒருநாளும் தவறவிடமாட்டேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. தினமும் திரும்பி வந்தீர்களே, அதற்கு நன்றி அம்மா.

உங்கள் மூத்த மகள், தர்ஷியின் அம்மா,
சுதா