கடைசிக் கண்ணியில் இல்லாத அடி

அன்பு மல்லிகா,

கோபித்துக்கொள்ளாதே. நீ இருந்தபோது உனக்கு ஒரு கார்டுகூடப் போடாதவள், இப்போது ஊரார் படிக்கும்படி எழுதுகிறேன். வேறு எப்படி உன்னிடம் பேசுவது?

காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு பரீட்சை முடிவு வந்தது. நாம் இருவரும் பாஸ். எங்கள் வீட்டில் தறியை நிறுத்திவிட்டு அப்பா தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தார். உன் வீட்டில் யார் கொடுத்திருப்பார்கள்?

கல்லூரி மலரில் உன் பாலாற்றுப் பாட்டைப் போட்டார்கள். அதற்கு முன் ஒரு சண்டை நடந்தது. கடைசிக் கண்ணியில் ஓர் அடி குறைகிறது என்று மலரைத் தொகுத்த தமிழ் அய்யா என்னிடம் சொன்னார். "பாவம், உடம்பு முடியாம விட்டுட்டா. நாமளே சேத்துடலாம்மா."

நான் தாளை வாங்கினேன். முதல் கண்ணியைப் படித்துக் காட்டினேன்:

ஊற்றுத் தோண்டி நீரெடுத்தாள்
காற்றைக் கேட்டுத் தலைநிமிர்ந்தாள்
கரைக்கு வாடி காமாட்சி!

"முதல் ரெண்டு அடியும் எதுகையில கைகோத்துக்கினு போவுது அய்யா. மூணாவதுல அம்மா கூப்பிடுறா. மோனையோட, அதே சொல்லு, அதே சந்தம். ஆனா மொதல்ல அது கொஞ்சல். தண்ணி ஏற ஏற அதட்டல். அப்புறம் அலறல். கடைசில வெள்ளம் வடிஞ்சி குடம் மட்டும் கெடக்குது. இனிமே யாரைக் கூப்பிடுவா? நம்ம காது அந்த அடியைத் தேடணும், அது கெடைக்கக் கூடாது. அதுக்குத்தான் மல்லிகா விட்டிருக்கா."

அய்யா கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வருஷமா அட்டெண்டன்ஸுக்கே வாய் தொறக்காதவ, இன்னைக்கு என்னைப் பேசவே விடலியேம்மா!" என்றார். நீ எழுதியபடியே அச்சாயிற்று.

நேற்று மார்க்கெட்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். கத்தரிக்காய்க் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணு பாட்டு புஸ்தகத்துல வந்துக்கீதாமே? எனக்கு எங்க படிக்கத் தெரியும்மா? நீ வந்து படிச்சிக் காட்டு. அவ பாடிக்கினே நாத்து நடுவா. அதுல அம்மாக்காரி கூப்ட்டுக்கினே இருப்பாளே, அது எனக்கு ரொம்பப் புடிக்கும்மா."

அந்த முடிவை நீ அவருக்குப் பாடிக் காட்டவேயில்லையா, மல்லிகா?

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் முசரவாக்கத்துக்குப் போகிறேன். அச்சில் உன் மௌனத்தின் மேல் யாரும் கைவைக்க விடமாட்டேன், இது சத்தியம். ஆனால் உன் அம்மாவுக்குப் படிக்கும்போது மட்டும், கடைசியில் அந்த அடியைச் சேர்த்துக்கொள்ளட்டுமா?

உன் வகுப்புத் தோழி,
சரோஜா