இத்தாலி வண்டியும் ஜட்காக் குதிரையும்

1960 ஜூன் 6, திங்கள்

இன்று கடைவீதியில், காலை வியாபாரம் சூடு பிடித்த நேரத்தில், என் வேட்டியை என் மோட்டார் சைக்கிள் வண்டியே உருவிவிட்டது. எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஊரே பார்த்தாகிவிட்டது, இந்த நோட்டுக்கு மட்டும் எதற்கு மறைப்பு?

இத்தாலிக்காரன் எல்லாரையும் போல எஞ்சினை நிமிர்த்தி வைக்கவில்லை. படுக்கப் போட்டிருக்கிறான். பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம். மூடி கிடையாது, வெளியே தெரியவே சுற்றும். எல்லாரும் கால்சட்டை போடும் ஊரில் செய்த வண்டி. திண்டுக்கல்லில் மூக்குப்பொடி விற்கிற ஒருவன் நாற்பத்தாறாம் வயதில் எட்டுமுழ வேட்டியோடு ஏறி உட்காருவான் என்று அவன் கனவா கண்டான்? நுனியைக் கவ்வியது. ஒரே இழுப்பு. மிஞ்சியது சட்டையும் பட்டாபட்டி டிராயரும்.

எதிர்க்கடைப் பாத்திர வியாபாரி சோலைமலை படியில் உட்கார்ந்து சிரித்தார். "உடையப்பன்னு பேருல உடை இருக்கதோட சரியா?" என்றார். அதற்குள் அந்தப் பேச்சு மெயின் ரோடு வரை போய்விட்டது.

வீட்டில் என் சம்சாரம் சண்முகவள்ளி கிழிந்த வேட்டியைப் பிரித்துப் பார்த்தாள். "சண்டையில தோத்த பட்டாளத்துகிட்டப் பிடிச்ச வண்டிதான? யாரு மேலயாச்சும் பழி தீக்கணும்ல."

சிறுமலைக் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போன வண்டி. யுத்தத்தில் பிடித்தது என்று அவர்தான் சொன்னார். வீட்டில் நான் சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 9

மூன்று நாளாகக் கடைக்கு வருகிறவன் எல்லாம் முதலில் என் இடுப்பைப் பார்க்கிறான், அப்புறம்தான் பொடி கேட்கிறான்.

இந்த வண்டியை டியூன் பண்ண எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினோரு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று தானே கற்றுக் கொடுத்தது. காலையில் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கார்புரேட்டரின் சின்னத் திருகை அரை மயிரளவு திருப்பி வைத்தேன். இப்போது சும்மா நிற்கும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு சிட்டிகை பொடி போட்டு, தும்மியும் விடலாம். அவ்வளவு நிதானம்.

இன்னொன்றும் தெரியும். ஹேண்டிலில் எஞ்சினை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. ஓடும்போது அதைச் செத்த நேரம் அழுத்திப் பிடித்தால் எரியாத பெட்ரோல் போய் சைலன்சருக்குள் சேரும். விட்டால், டமார்! கோவில் வேட்டு தோற்றுப் போகும்.

சாயங்காலம் சோலைமலை கடை வாசலில் அழுத்தி விட்டேன். கையில் இருந்த பித்தளைக் குடத்தைப் போட்டுவிட்டு மனுஷன் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பதுங்கினார். இன்றைக்குச் சிரிப்பு என் பக்கம்.

ஜூன் 14

ஸ்டேஷன் ரோடு. சடையாண்டியின் ஜட்கா. செபஸ்தியம்மா டீச்சர்.

நாளைக்கு எழுதுறேன்.

ஜூன் 15

நடந்தது இதுதான். நேற்றுக் காலை ஸ்டேஷன் ரோட்டில் சடையாண்டியின் ஜட்கா முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தது செபஸ்தியம்மா டீச்சர் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்து, தொடையில் கிள்ளியவர். ஒருதரம் துள்ளவைத்துப் பார்ப்போமே என்று ஒரு ஆசை. அழுத்தினேன். விட்டேன்.

டீச்சர் துள்ளவில்லை. குதிரை துள்ளியது. பவளம் என்று பெயர், பூனை மாதிரி சாது. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு சாக்கடை ஓரம் பாய்ந்தது. வண்டி சாய்ந்தது. டீச்சர் விழுந்தார். நான் நிறுத்தாமல் போய்விட்டேன். ஆமாம், நிறுத்தாமல். திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன், அதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். அதுவும் எதற்கு? யாராவது என்னைப் பார்த்தார்களா என்று பார்க்க.

டீச்சருக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. இன்று ஆஸ்பத்திரிக்குச் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு எடுத்துக்கொண்டு போனேன். "நீ ஒருத்தன்தான் பழம் வாங்கிட்டு வந்திருக்க, நல்லாயிரு உடையப்பா" என்றார். கட்டுப் போடாத கையால் என் தலையைத் தொட்டார். "அந்தக் குதிரைக்குத்தான் என்ன வந்துச்சோ, பாவம்" என்றும் சொன்னார்.

நான் பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

ஜூன் 17

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கடையில் நாலு பேர் கூடிப் பேசினார்கள். ஒருத்தன், "குதிரைக்கு வெறி பிடிச்சிருச்சாம்ல" என்றான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஊர்ச் செய்தி எதுவானாலும் உடையப்பன் கடையில் உப்பு காரம் போட்டுத்தானே வெளியே போகும்?

"போன வாரமே என்னக் கடிக்க வந்துச்சப்பா. நூலுல தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

வாய் தானாகச் சொன்னது. சட்டைக் கையைத் தூக்கி, கீறலே இல்லாத இடத்தைக் காட்டவும் செய்தேன்.

ஜூன் 19, ஞாயிறு

அந்த நேரத்தில் என் வண்டிச் சத்தம் கேட்டதாகச் சோலைமலை யாரிடமோ சொல்லியிருக்கிறார். அதனால் இன்று ஒரு வேலை செய்தேன். பதினோரு வருஷம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த, பொறி விழும் டைமிங்கைத் திருப்புளி போட்டுப் பின்னுக்குத் தள்ளினேன். கார்புரேட்டரையும் கலைத்தேன். வண்டி தானாகவே வெடிக்கும் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே! யாராவது கேட்டால், வியாதி வண்டிக்கு, எனக்கில்லை.

முதல் உதையில் கிளம்புகிற வண்டி, ஒன்பது உதைக்குப் பிறகு இருமிக்கொண்டே எழுந்தது. கடைவீதி முழுக்கத் தும்மிக்கொண்டே போனேன். "வண்டி கெட்டுப் போச்சுங்க, வண்டி கெட்டுப் போச்சு" என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டு.

திரும்பி வந்து நிறுத்தியபோது எஞ்சின் கொதித்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 23

முனிசிபாலிட்டியில் சடையாண்டியின் லைசென்ஸ் வில்லையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வில்லை இல்லாமல் ஸ்டாண்டில் வண்டி போட முடியாது. 'ஆளைக் கடிக்கும் குதிரை' என்று புகார் வந்ததாம். யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. என் கடையில் இருந்து நடந்தே போயிருக்கிறது.

மத்தியானம் சடையாண்டி கடைக்கு வந்தான். வெயிலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"மொதலாளி, பவளம் இன்னைக்கு வரைக்கும் ஒரு ஈயைக் கடிச்சதில்ல. ஒங்களக் கடிக்க வந்துச்சுன்னு சொல்லிக்கிறாக. வேற குதிரையா இருக்கும், நெனச்சுப் பாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆபீசுல கேப்பாக."

"பாப்போம் சடையாண்டி."

"எம்புட்டு நாளைக்கு மொதலாளி? தீவனம் போடணும்ல."

"பாப்போம்னுதான் சொல்றேன்ல!"

எரிந்து விழுந்தேன். அவன் போன பிறகு ஒரு டப்பா நிறையப் பொடியைத் தரையில் கொட்டிவிட்டேன், கை பட்டு.

ஜூன் 26, ஞாயிறு

இப்போது வண்டி நிஜமாகவே கெட்டுவிட்டது. பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. திருகு அங்கேதான் இருக்கிறது, எனக்குத்தான் காது போய்விட்டது போல. எது சரி, எது தப்பு என்று கேட்கவே தெரியவில்லை. நாகல்நகர் மெக்கானிக் மிக்கேல்ராஜ் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். என்னோடு சேர்ந்து இந்த வண்டியைக் கொஞ்சிய ஒரே ஆள்.

மூடியைக் கழற்றினான். திருப்புளி கீறிய புதுத் தடத்தை விரலால் தடவினான்.

"இது தானா கெடலண்ணே. யாரோ கெடுத்திருக்காக."

"யாருப்பா கெடுப்பா?"

"ஒங்களத் தவிர யாரத் தொட விட்டிருக்கீக இத?" என்றான். பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஜூலை 1

மதுரையில் சர்க்கஸ் கூடாரம் அடித்திருக்கிறார்கள். கிழட்டுக் குதிரை, நொண்டி மாடு எல்லாம் வாங்குகிறார்களாம். சிங்கத்துக்கு. சடையாண்டி பவளத்துக்குப் பேசி முடித்துவிட்டானாம், செவ்வாய்க்கிழமை ஆள் வருகிறதாம்.

ஜூலை 2

சாப்பாடு இறங்கவில்லை. சண்முகவள்ளி தட்டை எடுக்காமல் எதிரே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"குதிரை எகிறுனப்ப சிரிச்சீங்களா?"

சிரித்தேன். டீச்சர் விழுகிற வரைக்கும்.

தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எழுந்து போய்விட்டாள். நடுராத்திரி வரை வெறும் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 3, ஞாயிறு

காலையில் சோலைமலை கடைப் படியில் ஏறி நின்று, பத்துப் பேர் கூடியிருக்கையில் சொன்னேன். "குதிரை மேல தப்பில்ல. நாந்தேன் வேட்டு விட்டேன். கடிக்க வந்துச்சுன்னதும் பொய்யி."

சிரித்தார்கள். நாசமாய்ப் போக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்! "அடுத்து என்ன, பவளம் ஒன் வேட்டிய உருவுச்சுன்னு சொல்லுவியா?" என்றார் சோலைமலை; அன்று கேட்ட சத்தத்தைக் கெட்ட வண்டியின் தும்மல் என்றே முடிவு கட்டிவிட்டார் போல. முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே போனேன். அவரும் சிரித்துவிட்டு, "சடையாண்டி பாவம்னு சொல்றீங்க. நல்ல மனசு உங்களுக்கு" என்று காப்பி கொடுத்தார்.

முப்பது வருஷம் ஊரைச் சிரிக்கவைத்ததற்குக் கூலி. என் வாயிலிருந்து நிஜம் வந்தால் அடையாளம் தெரியவில்லை ஒருவருக்கும்.

வாயை நம்பவில்லை என்றால் வண்டிதான் பேச வேண்டும். ஆனால் அதை நானே ஊமையாக்கி வைத்திருக்கிறேன். இப்போது பொத்தானை அழுத்தினால் 'புஸ்' என்று அணைந்து போகிறது. நேராக மிக்கேல்ராஜிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பூசைக்குப் போகக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியை மடித்து வைத்துவிட்டுக் கைலி கட்டிக்கொண்டு வந்தான்.

பொழுது சாய்கிறவரை வேலை. பாயிண்டைத் தேய்த்து, பிஸ்டனைக் கையால் தள்ளி உச்சத்துக்குக் கொண்டுவந்து, பொறி விழும் இடத்தைக் குறித்து, அரை மயிர், கால் மயிர் என்று. "இப்பக் கேளுங்கண்ணே." நான் கேட்டேன். "இல்லடா." "இப்ப?" "இல்ல." விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு அடி விழுந்தது. நிதானமாக, ஒரு சிட்டிகைக்கு இடம் விட்டு, இன்னொன்று. மிக்கேல்ராஜ் என்னைப் பார்த்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டியூன் வந்துவிட்டது என்றா, நாளைக்கு மாட்டப் போகிறேன் என்றா, தெரியவில்லை.

ஜூலை 4, திங்கள்

முனிசிபாலிட்டி ஆபீஸ் வாசல். கூட்டம் வேடிக்கை பார்க்கத்தான் வந்தது. வண்டியில் ஒரு சுற்று வந்தேன். இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு நேராக அழுத்தினேன். விட்டேன்.

டமார்!

உள்ளே பியூன் ஸ்டூலோடு விழுந்தான். ஒரு காகம்கூட மரத்தில் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. சோலைமலையின் குரல் மட்டும்: "அட பாவி. நெசந்தானா?"

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து கேட்ட கேள்விகளை எழுத மாட்டேன். அபராதம் கட்டினேன். வில்லையைத் திருப்பிக் கொடுத்தார்கள். சடையாண்டி அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டான். ஒரு அறை விட்டிருக்கலாம். கும்பிட்டுவிட்டான்.

ஜூலை 6

டீச்சர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் தெரிந்திருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல உடையப்பா?"

"பயமா இருந்துச்சு டீச்சர்."

"பழத்தையாச்சும் உண்மை தெரிஞ்சே தின்னுருப்பேன்" என்றார். "நீ நல்லாயிருக்கணும்னு மாதாகிட்ட ஜெபம் பண்ணினேன். அத எப்படித் திருப்பி வாங்குறது?"

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். காலில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 21

ஊர் எனக்கு 'வேட்டு' என்று பேர் வைத்துவிட்டது. வேட்டுக் கடைப் பொடி நல்ல பொடி என்று குஜிலியம்பாறையிலிருந்து வருகிறவன்கூடச் சொல்கிறானாம். எதிரே ஜட்கா வந்தால் எஞ்சினை அணைத்து, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். பவளத்தின் ஜட்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மறுபடி ஏறுகிறார்கள். என்னைப் பார்த்ததும், "மாமா, வெடிக்காதீங்க" என்று காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

அக்டோபர் 19, தீபாவளி

அதிரசமும் முறுக்கும் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்து, சடையாண்டி வீட்டுக்குப் போய்வரச் சொன்னாள் சண்முகவள்ளி. வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டுச் சந்துக்குள் நடந்தேன்.

வீட்டு வாசலில் பவளம் கட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆனைவெடி ஒன்றை உருட்டிவிட, அது சரியாகக் குதிரையின் வயிற்றுக்குக் கீழே போய் நின்றது. நான் கத்துவதற்குள் வெடித்தது. தூக்கைக் கீழே போட்டுவிட்டேன்.

பவளம் புல்லை மென்றுகொண்டிருந்தது. வால்கூட ஆடவில்லை.

சடையாண்டி முறுக்கைப் பொறுக்கிக்கொண்டே என் பக்கம் வந்தான். கையைப் பிடித்து ஜட்காவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"பாத்துட்டீகளா?"

"சடையாண்டி, அப்ப அன்னைக்கு..."

"மெல்லப் பேசுங்க மொதலாளி. அன்னைக்கு டீச்சரம்மா வெயிலுக்குச் சடார்னு குடைய விரிச்சாக. நெழலு கண்ணுல அடிச்சதும் மெரண்டுருச்சு. அதச் சொன்னா அந்தம்மா மேல பழி. இன்னொன்னச் சொன்னா வில்லையே கெடையாது. நான் என்ன செய்ய? சர்க்கஸ்காரனுக்குத் தலையாட்டிட்டேன். நீங்களா வந்து 'நாந்தேன்'னீக."

"அப்ப நான் விட்ட வேட்டு?"

"எனக்குக் கேட்டுச்சே! பாதி உசுரு போயிருச்சு."

வெளியே சொல்லிவிட வேண்டாம் என்றான். செய்தி ஒன்றை அரை நாழிகை வயிற்றில் வைத்திருக்கத் தெரியாத என்னிடம். தலையாட்டிவிட்டு வந்தேன். சண்முகவள்ளியிடம்கூடச் சொல்லவில்லை. இங்கேயும் எழுதியிருக்கக் கூடாதுதான்.

பவளத்துக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காதாம்.