மான்குட்டி வளையங்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அக்காவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அக்காவுக்கு மூட்டுவலி குறைந்துவிட்டது, இப்போது மாடியேறி வந்தே என்னைத் திட்டுகிறாள். சமையலறைக் கூரை ஒழுகுவதைப் பார்க்க வந்த கொத்தனார், போன மழைக்கே கூப்பிட்டிருக்கணும் என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு அடுத்த மழைக்கு வருவதாகப் போய்விட்டார்.

நீ பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தை அக்கா கத்தரித்துக்கொண்டு வந்து காட்டினாள். நம் ஊர்க் கடலோடியின் சிலையையும், பள்ளிக்கூடத்துக்கு வைத்த அவர் பெயரையும் எடுத்துவிடலாமா என்று விசாரிக்கக் குழு போட்டிருக்கிறார்களே, அதற்கு உன் பதில் இது: என் அம்மா அவர் வீட்டு அருங்காட்சியகத்தில் முப்பது வருடம் பொருட்களைப் பராமரித்தவர், நான் அந்த அறைகளில் வளர்ந்தவன், கொடுமைக்கு அடையாளமாக அங்கே ஒரு பொருள்கூட இல்லை என்று எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாம் அறையில் ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். கப்பலில் வளர்த்த மான்குட்டிகளைக் கட்டிய வளையங்கள் என்று அதன்கீழ் இருக்கும் சீட்டு என் கையெழுத்து. அருங்காட்சியகக் காப்பாளர் சொன்னார், நான் எழுதினேன். கடலோடியின் பயணக் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது, தீவில் மான்குட்டிகள் பன்னிரண்டை ஏற்றினோம், வழியில் ஒன்பது இறந்தன என்று. உனக்கு அப்போது ஆறு வயது, அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, பள்ளி விடுமுறையில் உன்னை விட்டுவர ஆளில்லாமல் வேலைக்குக் கூட்டிப்போவேன். ஒரு நாள் ஒரு வளையத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கத் திரும்பினேன், அதற்குள் நீ கையை உள்ளே வைத்து மூடிவிட்டாய். ஆணி விழுந்து பூட்டிக்கொண்டது. அளவெடுத்துச் செய்ததுபோல் உன் மணிக்கட்டில் உட்கார்ந்தது தம்பி. சோப்பு போட்டோம், எண்ணெய் விட்டோம், கை வீங்கியதுதான் மிச்சம். அங்கே வேலை பார்த்த தச்சர் அரத்தோடு ஓடி வந்தார், காப்பாளர் அறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று மணி நேரம் கழித்துத் தச்சர் ஒரு கம்பியால் ஆணியை நெம்பி எடுத்தபோது உன் தோலும் கூடவே உரிந்து வந்தது. காப்பாளர் முதலில் கேட்டது, வளையத்துக்கு ஒண்ணும் ஆகலியே என்று. அவரை மட்டும் சொல்லி என்ன பிரயோசனம், வேலை போய்விடுமே என்ற பயத்தில் நானும் முதலில் வளையத்தைத்தான் விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன், நீ அழுதுகொண்டிருந்தாய். தச்சர் ஆடு வளர்ப்பவர், இது குளம்பு இருக்குற காலுல நிக்காதுக்கா, உருவிக்கிட்டு விழுந்துடும் என்று மெதுவாகச் சொன்னார். மூன்று பேருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. சீட்டு இருக்குறபடியே இருக்கட்டும் என்றார் காப்பாளர். நான் வளையத்திலிருந்த ரத்தத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். யார் கேட்டாலும் இரும்புக் கேட்டில் கை மாட்டிக்கொண்டது என்று சொல்லச் சொன்னேன், நீயே நம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் காப்பாளர் போன வாரம் வீட்டுக்கு வந்தார், தடி ஊன்றி நடக்கிறார். குழுவில் என்னையும் விசாரிக்கக் கூப்பிட்டிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. உன் பையனே எழுதிட்டான், நீ போய் வேற மாதிரி சொன்னா அவன் மானம்தான் போகும் என்றார். நம்மைப் பயமுறுத்த அவருக்கு இது போதும். பிறகு, அந்தக் காலத்துல யாருக்கும் அது தப்பாத் தெரியல, இன்னிக்கு இருக்குற கண்ணால அதப் பாக்கக் கூடாது என்றார். தப்பாத் தெரியலன்னா எதுக்கு மான்னு எழுதினாரு என்று கேட்டேன். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார். கடலோடி யாரும் போகாத கடலில் வழி கண்டதை நான் இல்லை என்று சொல்லவில்லை, சிலை நிற்பதா விழுவதா என்பதைப் படித்தவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் செத்த ஒன்பது பேரும் தீவில் பிடித்த பிள்ளைகள் என்று கடலோடிக்குத் தெரியும், எனக்கும் இருபத்தாறு வருடமாகத் தெரியும். தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன்.

தச்சர் இறந்துவிட்டார், இனிச் சொல்வதற்கு நான் ஒருத்திதான். வியாழக்கிழமை போய்ச் சொல்லப்போகிறேன். உன் கடிதத்தில் இருக்கும் பொய் உன்னுடையது அல்ல, என்னுடையது என்றும் சொல்வேன். அதனால் உனக்குத் தலைகுனிவு வரும், தெரிந்துதான் செய்கிறேன். கோபம் வந்தால் வாயார என்னைத் திட்டு, போனை எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசி, மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழவேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போன மாதம் போனில் உன் மகள், அப்பா கையில இது என்ன தழும்பு பாட்டி என்று கேட்டாள். இரும்புக் கேட் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன், யோசிக்கக்கூட இல்லை. பாட்டி சொன்னது பொய் என்று இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா